கிறிஸ்மஸ் சட்டையுடன் ஒரு விண்ணப்பதாரி

அரசாங்கத்திலிருந்து ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் மம்மி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கிறிஸ்மஸ் திரைச்சீலையை இறக்கினாள். அது ஜூன் மாதம். சீலையை உதறியதும் வீடு முழுக்கப் பூச்சி உருண்டை மணத்தது.

"மம்மி, வாறது சமூக சேவை உத்தியோகத்தர். பிஷப் இல்ல" என்றேன்.

"ஆரா இருந்தா என்ன? வீட்டுக்கு வாற மனுசன். நாளைக்கு நாலு இடத்தில போய்க் கதைக்கும்."

நான் மேலே எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது பழக்கம். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். நோய் வந்த பிறகு அது இன்னும் வசதியாகிப் போனது. கதிரையில் இருக்கிறவள் பேசாமல் இருந்தால் ஜெபிக்கிறாள் என்றோ களைத்துவிட்டாள் என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஒருவரும் தொந்தரவு செய்வதில்லை.

இருபத்தாறு வயதில் என் தொடைகள் சோரத் தொடங்கின. அப்போது கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலில் பஸ்ஸின் மிதிபலகை உயர்ந்துபோனது. பிறகு அலுவலகப் படிகள். பிறகு என்னுடைய கட்டில். தசையில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பரிசோதித்த பொரளை டொக்டர், நோயின் நீண்ட பெயரைச் சொல்லிவிட்டு, "இது மெதுவாகத்தான் போகும்" என்றார். அதை ஆறுதலாகச் சொன்னாரா எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெதுவாகத்தான் போனது. வேலை போனது. டடா துறைமுகத்திலிருந்து ஓய்வுபெற்று, அதிக காலம் இருக்காமல் போய்ச் சேர்ந்தார். இப்போது வீட்டில் மம்மியும் நானும். மம்மி கொட்டாஞ்சேனையில் இரண்டு பள்ளிக்கூடக் கன்ரீன்களுக்குப் பற்றீசும் ரோல்சும் செய்து கொடுக்கிறாள். மா பிசைந்தே அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தக் கையால்தான் என்னைக் கட்டிலிலிருந்து தூக்குவதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நானே முடிவெடுத்தேன். அது பெரிய தொகை அல்ல. ஆனால் மாதாமாதம் என்னுடைய பெயரில் வரும். என்னைத் தூக்கி இருத்த ஒரு பெண்ணைக் காலையில் கொஞ்ச நேரத்துக்காவது வைத்துக்கொள்ளலாம். மம்மியின் கை தப்பும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கிராம சேவகரின் ஒப்பத்துக்கு மம்மி போனபோது ஆளைக் காட்டச் சொன்னார். ஆளைக் கொண்டுபோனபோது அவர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். டொக்டர் தந்த அறிக்கையைக் கொண்டுபோனால், அதைத் தங்களுடைய படிவத்தில் நிரப்பி வாங்கிவரச் சொன்னார்கள். படிவத்துடன் திரும்பிப் போனால், அந்த டொக்டர் மாற்றலாகியிருந்தார். புதியவர் என்னை முதலிலிருந்து பார்த்தார். முழங்காலில் தட்டினார். கையை உயர்த்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஓட்டோ, ஒவ்வொரு தடவையும் மம்மியின் மணிக்கட்டு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகச் செய்தி வந்தது.

எங்கள் லேனில் இல்லாமை வெட்கமில்லை. அது வெளியே தெரிவதுதான் வெட்கம். வருடா வருடம் வீடு மந்திரிக்கப் பங்குச் சுவாமி வரும்போது, லேனில் உள்ள ஒரே நல்ல கண்ணாடிக் கிளாஸ் செற் அவருக்கு முன்னால் ஓடும். ஒரு வீட்டில் அவர் குளிர்பானம் குடித்து முடித்து ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, கழுவிய கிளாசுகள் பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சுவாமிக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாளும் அவர் வேகமாக நடந்ததில்லை.

மம்மிக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். முன்வீட்டுப் பஸீஹா அக்காவிடமிருந்து குஷன்கள் வந்தன. தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டாள். பலகாரத் தட்டில் பற்றீஸ், கேக், கோழிக்கொண்டை போல வெட்டிப் பொரித்த கோழிச் சூட்டு. கடைசியாக எனக்குக் கிறிஸ்மஸ் சட்டை: கறுஞ்சிவப்பு, கழுத்தில் லேஸ். அதைப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, டடாவின் பிரம்புக் கதிரையில் இருத்தி, முதுகுக்கும் இடுப்புக்கும் குஷன் அடைத்தாள். பிறகு என்னுடைய வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

பஸீஹா அக்காவின் குரல் கேட்டது. "பேர்ணடெற் அக்கா, இத ஏன் இங்க கொண்டு வாறீங்க? அவங்க வாறதே இதப் பாக்கத்தானே?"

"ஹோலுக்க அது அசிங்கமா இருக்கு. ஆள் போனதும் எடுக்கிறன்."

"எனக்கெண்டா சரியாப் படல்ல."

"நீங்க பேசாம வைங்க."

வந்தவர் இளைஞர். முதுகில் பை, நெற்றியில் வியர்வை. மிக மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மம்மி சிங்களத்தில் வரவேற்று, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, தட்டை நீட்டினாள். அவர் பற்றீஸ் எடுத்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்தார்.

வீட்டில் என்ன குறைகள் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த ஒருவர் இப்படிக் கேட்டால் மம்மியின் வாயில் ஒரே பதில்தான் வரும். "ஆண்டவருடைய கிருபையால ஒரு குறையும் இல்ல, மாத்தயா."

அவர் எழுதினார்.

என்னைப் பார்த்து, "கொஹொமத, நங்கி?" என்றார். சுகம் விசாரிக்கிற எவருக்கும் சொல்வதைப்போல, நலம் என்ற பொருளில் "ஹொந்தின்" என்றேன். எழுந்து நடக்க முடியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மம்மி முந்திக்கொண்டாள். "வீட்டுக்குள்ள எப்படியும் சமாளிச்சிருவா."

அதையும் எழுதினார். மம்மி ஒரு பற்றீஸ் பொதியையும் அவருடைய பைக்குள் வைத்து அனுப்பினாள். கதவடியில் நின்று கையசைத்தாள்.

கடிதம் வந்தபோது மம்மியின் கையில் மா ஒட்டியிருந்தது. நான்தான் வாசித்தேன். இல்லத்தின் நிலை திருப்திகரமானது. விண்ணப்பதாரி இயல்பாக அமர்ந்திருந்து உரையாடினார். குறைபாடுகள் எதுவும் குடும்பத்தாரால் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே கொடுப்பனவுக்குச் சிபாரிசு செய்யப்படவில்லை. விரும்பினால் மேன்முறையீடு செய்யலாம்.

மம்மி விரலில் ஒட்டியிருந்த மாவை உருட்டி எடுத்தாள்.

"பாவி! ரெண்டு பற்றீஸ் திண்டானே!"

"பொதியையும் சேருங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய், அங்கிருந்து வராமலே இருந்தாள்.

*

கிளறன்ஸ் அங்கிள் மம்மியின் ஒன்றுவிட்ட தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். உலகத்தில் அவருக்கு வழி தெரியாத அலுவலகம் இல்லை.

"இது ஆர்ட பிழை சொல்லட்டா அக்கா? உங்கட பிழை. கலியாணம் பேச வந்தவனுக்கு வைக்கிற மாதிரி கேக் வைச்சிருக்கிறீங்க."

"வாற மனுசனுக்கு வெறும் தண்ணியா குடுக்கிறது?"

"தண்ணியும் குடுக்கக் கூடாது. குடிக்கிறதுக்குத் தண்ணியே இல்லாத மாதிரி இருக்கோணும்." என் பக்கம் திரும்பினார். "இஞ்ச பார் லவினா. மேன்முறையீட்டுக்குக் கூப்பிடுவாங்க. அண்டைக்கு முழுகாத. சீப்பால தலை இழுக்காத. பழைய நைற்றி ஒண்டு. கேள்வி கேட்டா வாயைக் கொஞ்சம் கோணலா வைச்சுக்கொண்டு மேல பார். பதில் சொல்லாத. நீ வாயத் திறந்தா இங்கிலிஷ் வரும், எல்லாம் பாழ்."

"எனக்கு வாயில ஒரு வருத்தமும் இல்ல, அங்கிள்."

"என்ட மச்சானுக்கும் வாயில ஒண்டுமில்ல. கால் மட்டும்தான் ஏலாது. நான் சொன்னபடி ஊமை மாதிரி இருந்தான். கிடைச்சுது. சல்லி கையில வந்த பிறகுதான் கதைச்சான். என்ன கதைச்சான் தெரியுமா? என்னட்டக் கடன் கேட்டான்."

மம்மி சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் செபமாலை மணிபோல உருட்டிக்கொண்டிருந்தாள். அன்று மாலை என்னுடைய நீல நைற்றியை மடியில் வைத்து, கத்தரிக்கோலால் தோள்பட்டையில் ஒரு கிழிசல் வெட்டினாள். வெட்டிய ஓரம் மிக நேராக இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை. விரலால் நூலை இழுத்து இழுத்துப் பழசாக்கினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கால்வரை ஏதோ சூடேறியது. அந்தக் கால்களில் உணர்ச்சிக்குக் குறைவில்லை. பலம்தான் இல்லை.

"நான் அதப் போட மாட்டன்."

"ஒரு நாளைக்குத்தானே, பிள்ள."

"அண்டைக்கு எனக்குக் குறை ஒண்டுமே இல்ல எண்டு காட்டினீங்க. இப்ப என்னட்ட ஒண்டுமே மிச்சமில்ல எண்டு காட்டப் போறீங்க. ரெண்டுலயும் நான் எங்க?"

"பெரிய கதை கதைக்காத. பொய் சொல்லாம இந்த நாட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் கிடைக்கிறதில்ல."

"எனக்கு அது வேணும், மம்மி. உங்களவிட எனக்கு வேணும். ஆனா நாறிக்கொண்டு போய் வாங்க மாட்டன்."

"அப்ப கிடைக்காது."

"கிடைக்கும் வரைக்கும் கேப்பன்."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. எத்தனையோ மௌனங்கள் எனக்குத் தெரியும். மழைநேரத்து மௌனம், புத்தகம் வாசிக்கும்போது வருகிற மௌனம், துறைமுகத்தில் கப்பல் ஊதி முடித்த பிறகு லேனில் விழுகிற மௌனம். இது அவை எதுவுமில்லை. மம்மி என்னைத் தூக்கினாள், கழுவினாள், இருத்தினாள். சோறு தந்தாள். எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு செய்தாள். ஒரு காலையில் அவள் வலது கையைத் துணியால் சுற்றிக்கட்டி, இடது உள்ளங்கையால் மாவை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். என் பிடிவாதத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. நைற்றியைப் போட்டுவிட்டால் முடிந்தது. வாயைக் கோணலாக்கி மேலே பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

நான் அதைப்பற்றி நிறைய யோசித்தேன். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அந்த வாய்க்கோணலுக்குப் பிறகு நான் லேனில் வாய்திறந்து பேசும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டிவரும். கொடுப்பனவு நிற்கும்வரை அந்த நாடகமும் நிற்காது. கால்கள் ஏற்கெனவே போய்விட்டன. வாயையும் நானாகக் கொடுக்கப்போவதில்லை.

மேன்முறையீட்டு விசாரணை நாளன்று காலையில், "கிறிஸ்மஸ் சட்டையை எடுங்க" என்றேன். பல நாட்களுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய வார்த்தை அது.  மம்மி அலுமாரியைத் திறந்தாள். பொத்தான் போடும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் போட்டாள்.

*

விசாரணை நடந்தது வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பழைய கட்டடத்தில். அலுவலகம் திருத்தப்படுவதால் தற்காலிகமாக அங்கே மாறியிருந்தார்கள். நகரின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஊன்றுகோல்கள், கறுப்புக் கண்ணாடிகள், தாயின் தோளில் தலை தொங்கிய பெரிய பிள்ளைகள். கீழ்மண்டபத்தில் ஆட்கள் இருக்க நீள மரவாங்குகள் கிடந்தன. சுவரில் ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது: மாற்றுத்திறனாளிகள் மேன்முறையீட்டு விசாரணை, மேல்மாடி.

லிப்ற் இல்லை.

படிக்கட்டில் ஒரு பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேட், வேட்டி. வலது கால் முழங்காலுடன் முடிந்திருந்தது. படிக்கு முதுகைக் காட்டி இருந்து, கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். வேட்டி அழுக்காகாமலிருக்க இரண்டு பேப்பர்த் தாள்கள் வைத்திருந்தார். ஒன்றில் இருந்துகொண்டு மற்றதை மேல்படியில் விரிப்பார். ஏறியதும் கீழ்த்தாளை எடுத்து உதறி மடிப்பார். அப்படியே நடுப்படிவரை போயிருந்தார்.

கிளறன்ஸ் அங்கிள் சேட் கையை மடித்தார். "வா, நான் தூக்கிறன். கிரேன் ஓட்டினவன்டி நான்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"தூக்க வேண்டாம். அவங்களக் கீழ வரச் சொல்லுங்க."

அங்கிள் மம்மியைப் பார்த்தார். மம்மி கூரையைப் பார்த்தாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பியூன் படியின் மேல்நுனியில் நின்று எட்டிப் பார்த்தான். நான் சிங்களத்தில், எனக்கு ஏற முடியாது, விசாரிக்கிறவர்கள் இறங்கி வரட்டும் என்றேன். அவன் போய்த் திரும்பி வந்தான். யாராவது தூக்கிக்கொண்டு வரட்டுமாம். அதற்கும் ஆளில்லையென்றால் பாதுகாவலர் மட்டும் மேலே வந்து ஒப்பம் வைக்கலாமாம்.

மம்மியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நான் போய் வைச்சிட்டு வாறன், லவினா. ஒரு நிமிசம்." அவளுடைய செருப்பு முதலாம் படியில் ஏறிவிட்டது.

"மம்மி, கால எடுங்க."

"பைத்தியமாடி உனக்கு? மேல போனா முடிஞ்சுது."

"நான் இஞ்ச இருக்கிறன். என்னப் பார்க்காம என்னைப்பற்றி எழுதினது ஒருக்காப் போதும். கால எடுங்க."

மண்டபம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மம்மி கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். துணி சுற்றிய கை. நான் கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் ஏறியிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன், ஆனால் அதைச் சொல்ல நான் தயாராக இல்லை. மெதுவாக, யாரோ பிடித்து இழுப்பதுபோல, அவள் காலைக் கீழே வைத்தாள்.

நான் வீல்செயாரைப் படிக்கட்டின் வாயில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டேன். பிறகு பேசாமல் இருந்தேன்.

பியூன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். நான் வழியில் இருந்தேன்.

"தள்ளுங்க தங்கச்சி. நாங்க காலமேயிலிருந்து காயிறம்."

"இந்தப் பிள்ளையையும் மேல தூக்கிக்கொண்டு போகப் போறீங்களா, அக்கா?"

"போன முறையும் தூக்கினன். தூக்காம என்ன செய்ய? உங்கள மாதிரி சட்டை போட்டுக்கொண்டு பெருமை பேச எனக்கு ஏலாது."

அது சரியாகப் பட்டது. அவளுடைய தோளில் வியர்வை இறங்கியிருந்தது. நான் விலகலாமா என்று நினைத்தேன். கை பிரேக்குக்குப் போனது.

"பிள்ளை, பிரேக்கைக் கழட்டாதை!"

நடுப்படியிலிருந்து அந்தப் பெரியவர். பேப்பரின் மேல் நேராக இருந்து, கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சிவபாதசுந்தரம். வெள்ளவத்தையில புடைவைக் கடையில காசாளரா இருந்தனான். இந்தப் படியில நான் இருந்து இருந்து ஏறுறது இது ரெண்டாந்தரம். முதல் தரம் மேல போய்ச் சேர, மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிட்டினம். இண்டைக்கு இந்தப் பிள்ளை சொன்ன பிறகுதான் எனக்கு யோசினை வந்தது, நான் ஏன் ஏறுறன் எண்டு." அவர் மேலே பார்த்துச் சிங்களத்தில், பியூனுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்: "நான் இனி ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன். விசாரிக்கிற மிஸ்ஸிடம் சொல்லுங்கள்."

"ஐயா, நீங்க இருந்தா ஆக்கள் எப்படிப் போறது?" என்று கிளறன்ஸ் அங்கிள் கேட்டார்.

"போக வேண்டாமெண்டுதானே தம்பி இருக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். பிள்ளையை வைத்திருந்த பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாங்கில் போய் இருந்து, பிள்ளையை மடியில் சாய்த்து, தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள். மன்னிப்பாகவும் இல்லை, உடன்பாடாகவும் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பியூன் இன்னும் இரண்டு பெயர்களைக் கூப்பிட்டான். ஒருவரும் எழும்பவில்லை. மேலே கதவுகள் திறந்து மூடின. யாரோ கோபமாகப் பேசினார்கள். மண்டபத்தில் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, மின்விசிறியின் கடகடப்பு மட்டும் கேட்டது. இந்த மௌனம் என்னுடையது. இதில் எவ்வளவு நேரமும் என்னால் இருக்க முடியும். மேலே இருக்கிறவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

கடைசியில் அவர்கள் இறங்கினார்கள். முன்னால் ஒசரிச் சேலை உடுத்த, நடுவயது தாண்டிய மிஸ். பின்னால் கோப்புகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இளைஞர். சிவபாதசுந்தரம் ஐயா அவர்களுக்காக வேட்டியை மட்டும் ஒதுக்கினார். மிஸ் சேலையைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்தார்.

"தூக்கிக்கொண்டு வரச் சொன்னேனே" என்றார் என்னிடம். குரலில் கோபத்தைவிட இரக்கம்தான் இருந்தது. இரக்கத்துக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம்.

"என்னை இந்தப் படிகளில் தூக்க இரண்டு பேர் வேண்டும், மிஸ். உங்களுக்கு இறங்க ஒருவரும் வேண்டாம்."



இளைஞர் கோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்றைக்கு நீங்கள் நன்றாக இருந்தீர்கள்" என்றார். குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

"இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறேன். எழும்ப முடியாது."

பிறகு சொன்னேன். சிங்களத்தில் தொடங்கி, இடையில் வார்த்தை வராதபோது தமிழுக்கு மாறினேன். கட்டிலில் நானாகப் புரள முடியாது. கழிப்பறைக்கு மம்மி தூக்கிக்கொண்டு போகிறாள். அவள் கன்ரீனுக்குப் போனால் அவள் வரும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. கரண்டி பிடிப்பேன், கோப்பையைத் தூக்க முடியாது. கணக்குப் பார்ப்பேன், மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவேன். உதட்டுச் சாயம் மம்மி பூசிவிட்டாள், எனக்கு அது பிடிக்கும். நோய் குறையாது, கூடத்தான் போகிறது. இவ்வளவையும் அத்தனை பேருக்கும் முன்னால், தலையைக் குனியாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது கழுத்து வியர்த்து லேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிஸ் மம்மியைப் பார்த்தார். "ஏன் அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை?"

மம்மி துணி சுற்றிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். தமிழில்தான் வந்தது அவளுக்கு. "அந்தச் சின்ன மனுசனுக்கு முன்னால எப்படி மிஸ் சொல்லுறது, என்ட வளந்த பிள்ளையை நான்தான் கக்கூசில இருத்துறனெண்டு? அவள் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு ஒரு மானம் இல்லையா?"

நான் மொழிபெயர்க்கவில்லை. மிஸ்ஸுக்கும் அந்த இளைஞருக்கும் அவ்வளவு தமிழ் புரிந்தது. இளைஞரின் காது சிவந்தது.

 மிஸ் பியூனைப் பார்த்து, மேசையைக் கீழே இறக்கு என்றார்.

மேசையும் கதிரைகளும் வந்தன. படிக்கட்டு நடுவில் சிவபாதசுந்தரம் ஐயாவைக் கடந்து மேசையை இறக்கத்தான் பெரும்பாடு. "மெல்ல, மெல்ல, மிச்சக் காலையும் எடுத்துப்போடாதேங்கோ" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். இறக்கிய பிறகு, நீங்களும் கீழே வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் தலையாட்டினார். இறங்குகிறதும் அதே பாடுதான், தன்னை இருந்த இடத்தில் விசாரிக்கட்டும் என்றார். கடைசியில் அந்த இளைஞர் கோப்புடன் ஏறிப்போய் அவருக்குக் கீழ்ப்படியில் இருந்தார். ஐயா தன்னுடைய மற்றப் பேப்பரை விரித்துக் கொடுத்ததை நான் கண்டேன்.

முதலில் பிள்ளை வைத்திருந்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். பிறகு நான் போனேன். மிஸ் என்னுடைய கோப்பில் நிறைய எழுதினார். எழுதி முடித்து, சிபாரிசு செய்திருக்கிறேன் என்றார். மம்மி சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஆனால் நிதி வரவேண்டும். பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும்."

"எவ்வளவு காலம்?"

"சொல்ல முடியாது. முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள்."

"அப்படியென்றால் மாதாமாதம் வந்து கேட்பேன்."

"வரத் தேவையில்லை மகள். கடிதம் அனுப்புவோம்."

"முதலும் கடிதம்தான் வந்தது, மிஸ். நான் வருகிறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, எனக்குப் பிடிபடவில்லை.

ஓட்டோவில் கிளறன்ஸ் அங்கிள் முழு வழியும் புறுபுறுத்தார். "பட்டியலாம். என்ட சொல்லக் கேட்டிருந்தா இந்த மாசமே வந்திருக்கும்."

"உன்ட வாயைக் கொஞ்சம் கோணலா வைச்சுக்கொண்டு ஓட்டு" என்றாள் மம்மி.

அடுத்த மாதம் போனோம். பணம் வந்திருக்கவில்லை. மேசையும் கதிரைகளும் மேல்மாடிக்கே திரும்பிப் போயிருந்தன. கீழே புதிய முகங்கள் வாங்குகளில் காத்திருந்தன. மம்மி என்னைத் தள்ளிக்கொண்டு மண்டபத்தைக் கடந்தாள். எங்கே நிறுத்துவது என்று என்னைக் கேட்கவில்லை. நேரே படிக்கட்டின் அடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, தானும் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பியூன் மேலே நின்று எங்களைக் கண்டான். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. உள்ளே திரும்பி, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்:

"மிஸ், கீழே இறங்க வேண்டியிருக்கிறது!"